நாவலூர் டு காவலூர்

ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால், அந்த ஓர் எழுத்தைத் தாண்ட எனக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், இரண்டு நாள் லீவு, ஒரு குரங்குக் குல்லா, மனைவிக்கு மூன்று வாக்குறுதிகள் எல்லாம் தேவைப்பட்டன.

கதையை மிக்ஜாம் புயலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். (மிக்சருக்கும் ஜாமுக்கும் கலப்புத் திருமணம் ஆன மாதிரி ஒரு பெயர்.) 2023 டிசம்பர் 4-ம் தேதி அது சென்னையை ஒரு வழி பண்ணிவிட்டு ஆந்திரா பக்கம் போய்விட்டது. நாவலூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று நாள் கரன்ட் இல்லை. கீழே கார் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர். லிஃப்ட் இல்லை, இன்டர்நெட் இல்லை, மோட்டார் இல்லை. ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு, ஒரு குடம் தண்ணீருக்காக நாலு மாடி இறங்கி ஏறினோம்.

மூன்றாம் நாள் ராத்திரி புழுக்கம் தாங்காமல் எல்லோரும் மொட்டை மாடிக்குப் பாயும் தலையணையுமாக வந்துவிட்டோம். ஐந்து வருஷமாக ஒரே லிஃப்டில் போய் வந்தும் முகம் பார்க்காதவர்கள், அன்றைக்குத்தான் "நீங்க எந்த ஃப்ளாட்?" என்று கேட்டுக்கொண்டார்கள். மழை விட்டு வானம் பளிச்சென்று கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் மல்லாந்து படுத்தவன், திடீரென்று என் கையைப் பிடித்தான்.

"அப்பா, மேல என்னப்பா அவ்வளவு?"

பார்த்தேன். நட்சத்திரங்கள். ஒன்றிரண்டு இல்லை, அள்ளி இறைத்த மாதிரி. பழைய மகாபலிபுரம் சாலைக்கு மேலே இவ்வளவு இருக்கும் என்று எனக்கே தெரியாது. நான் சொன்னேன், "நட்சத்திரம்டா."

"இதெல்லாம் புயல்ல அடிச்சிட்டு வந்ததாப்பா?"

சிரித்தேன். "இல்லடா. எப்பவுமே இங்கதான் இருக்கு."

"பொய். நான் தினமும் பார்க்கிறேன். இருக்கிறதே இல்லை."

நான் பதில் சொல்வதற்குள் கரன்ட் வந்துவிட்டது. மொட்டை மாடியே "ஹே!" என்று கத்தியது. பக்கத்து வளாகத்தில் விளக்கு, சாலை விளக்கு, விளம்பரப் பலகை, எங்கள் மாடியின் ஹாலோஜன், எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. வானத்தை யாரோ துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாகக் கீழே ஓடினார்கள், செல்போனுக்கு சார்ஜ் போட. என் மகன் மட்டும் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"பார்த்தியா, போயிடுச்சு. இனி அடுத்த புயலுக்குத்தான் வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் என் அப்பாவிடம் நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஆனால் "நட்சத்திரம் எப்போது வரும்?" என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. என் பிள்ளைக்கு அது வெள்ள நிவாரணம் மாதிரி, புயலடித்தால் மட்டும் கிடைக்கிற பொருளாகிவிட்டது. தவிர, அவன் கணக்கில் நான் ஒரு பொய்யன்.

மறுநாள் ஆபீஸில் இதைச் சொல்லிப் புலம்பினேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு தம்பி இருக்கிறான். சம்பளத்தில் பாதி கேமராவுக்கும், மீதி அந்தக் கேமராவுக்கான பைக்கும் போகும். டிரைபாட் தம்பி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, 14-ம் தேதி ராத்திரி ஜெமினிட்ஸ். எரிகல் மழை! அமாவாசை முடிஞ்சு ரெண்டு நாள்தான். நிலாத் தொல்லையே இல்லை. பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"எங்கடா? நாவலூர்லயா?"

"காவலூர்!"

வீட்டில் விஷயத்தை மெதுவாக ஆரம்பித்தேன். "எரிகல் மழை" என்ற உடனேயே மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏங்க, இப்பத்தான் ஒரு மழையைத் துடைச்சு முடிச்சேன். அதுக்குள்ள இன்னொரு மழையா?"

இந்த மழையில் நனைய வேண்டாம், துடைக்க வேண்டாம் என்று விளக்கி, மூன்று வாக்குறுதிகளுக்கு ஒப்புக்கொண்ட பிறகு சம்மதம் கிடைத்தது. ஒன்று, ஆம்பூர் பிரியாணி. இரண்டு, மலையில் பூச்சி இருந்தால் உடனே திரும்புவது. மூன்றாவது பொங்கல் புடவை சம்பந்தப்பட்டது; தொகை பெரியது என்பதால் இங்கே வேண்டாம்.

அடுத்தது லீவு. மேனேஜருக்கு போன் போட்டேன்.

"சார், வியாழன், வெள்ளி லீவு வேணும். ஒரு கல் விஷயமா..."

'எரிகல்' என்று சொல்லி முடிக்க அவர் விடவில்லை. "அடடா! எனக்கும் வந்திருக்கு. ரொம்ப வலியா? எத்தனை எம்.எம்.?"

எனக்குப் பொய் வராது. தம்பி சொன்ன உண்மையையே சொன்னேன். "சில எம்.எம்.தான் இருக்கும்கிறாங்க சார்."

"அப்படின்னா கவலையே படாதீங்க. தானா விழுந்துடும்."

"ஆமா சார். வியாழக்கிழமை ராத்திரி நிறைய விழுமாம்."

போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. "நிறையவா...? ரெண்டு நாள் என்ன, மூணு நாள் எடுத்துக்குங்க. வாழைத்தண்டு ஜூஸ் குடிங்க."

சத்தியமாக நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வானத்தில் நீளமாகக் கோடு கிழித்துக்கொண்டு போகிறதே, அது நட்சத்திரம் இல்லை. பெரும்பாலும் மணல் பருமன். பெரியது என்றால் பட்டாணி அளவு. ஆனால் வருகிற வேகம் இருக்கிறதே! ஜெமினிட்ஸ் துகள்கள் நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. நாவலூரிலிருந்து தாம்பரம் போக நமக்குச் சாயங்காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு ஒரு நொடி ஜாஸ்தி. அந்த வேகத்தில் காற்றில் மோதி, தரைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். நாம் பார்ப்பது அதன் அந்திமக் கிரியையைத்தான்.

இந்தத் துகள்கள் எங்கிருந்து வருகின்றன? பொதுவாக வால்நட்சத்திரங்கள் போகிற வழியில் சிந்திவிட்டுப் போகிற தூசி. ஆகஸ்டில் வரும் பெர்சீட்ஸ், நவம்பரில் வரும் லியோனிட்ஸ் எல்லாம் அந்த ரகம். ஜெமினிட்ஸ் கொஞ்சம் விசித்திரம். அதன் பெற்றோர் ஃபேத்தன் என்ற ஒரு சிறுகோள். 1983-ல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் மூலம் கண்டுபிடித்தார்கள். சுமார் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுகிறது. புதன் கிரகத்தைவிடச் சூரியனை நெருங்கிப் போய் வறுபட்டுத் திரும்புகிறது. ஒரு பாறை இவ்வளவு தூசியை எப்படிக் கொட்டியது என்பது இன்னும் முழுதாகத் தீராத கணக்கு. ஒவ்வொரு டிசம்பரிலும் பூமி அந்தத் தூசி வழியில் குறுக்கே போகிறது. குப்பை லாரிக்குப் பின்னால் பைக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். வாடகைக் காரில் டிரைவர், டிரைபாட் தம்பி, மனைவி, மகன், நான், அப்புறம் டிரைபாட். கேளம்பாக்கம், வண்டலூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று போய் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். வழியெல்லாம் தம்பி ஒரு சரித்திர வகுப்பு எடுத்தான். கேட்கக் கேட்க, நம் ஊர் நட்சத்திர ஆராய்ச்சியின் கதை வாடகை வீட்டுக் கதை மாதிரியே இருந்தது.

பழைய வீடு எங்கே தெரியுமோ? நுங்கம்பாக்கம்! 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வானாய்வகம் கட்டியது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற நம்மூர்க்காரர் 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். நுங்கம்பாக்கத்தில் நின்றுகொண்டு! இன்றைக்கு அங்கே நின்று நிலாவைக் கண்டுபிடித்தாலே பெரிய விஷயம். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று இப்போதும் நிற்கிறது, வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில். மிக்ஜாம் வருகிறது, வருகிறது என்று டி.வி.யில் நமக்குச் சொன்னார்களே, அதே இடம். நட்சத்திரம் பார்த்த வீட்டில் இப்போது மேகம் பார்க்கிறார்கள்.

1899-ல் ஜாகை கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே முக்கியமாகச் சூரிய ஆராய்ச்சி. 1960-ல் அதற்கு இயக்குநராக வந்தவர் வைணு பாப்பு. மாணவராக இருந்தபோதே 1949-ல் அமெரிக்காவில் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அதற்குத் தன் பெயரும் ஒட்டிக்கொள்ளச் செய்தவர். ராத்திரி வானத்துக்கு நல்ல இடம் வேண்டும் என்று தேடிப் பிடித்ததுதான் ஜவ்வாது மலையில், சந்தனக்காட்டு நடுவே இருக்கிற காவலூர். அப்போது அங்கே இருட்டு மட்டும்தான் தாராளமாகக் கிடைத்தது. அவருக்கு வேண்டியதும் அதுதான். தவிர, பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் அங்கிருந்து பார்க்கலாம்.

1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பித்தார்கள். 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். பாப்புவின் பெரிய கனவு, 2.34 மீட்டர் தொலைநோக்கி. இந்தியாவிலேயே செய்தது. அது முடிவதற்குள் 1982-ல் அவர் காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அதைத் திறந்து, அவர் பெயரையே வைத்தார்கள்.

இப்போது புதுத் தொலைநோக்கிகள் லடாக்கில் ஹான்லே என்கிற இடத்துக்குப் போய்விட்டன. 4,500 மீட்டர் உயரம். சுற்றுப்புற கிராமங்களோடு சேர்த்து அந்த இடத்தை 2022-ல் 'இருள் வானக் காப்பகம்' என்றே அறிவித்துவிட்டார்கள். புலிக்குக் காப்பகம், யானைக்குக் காப்பகம், இப்போது இருட்டுக்கும் காப்பகம்!

ஒரகடம் தாண்டும்போதே தூறல். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் புடவையின் விலை ஏறியது. தம்பி மட்டும் உற்சாகமாக, "பையா, கண்ணாடியைப் பாரு. துளியெல்லாம் எங்கேருந்து வருது?" என்றான்.

"நடுவுல ஒரு இடத்துலேருந்து எல்லாப் பக்கமும் பிரிஞ்சு வருது."

"அதேதான். மழை நேராத்தான் பெய்யுது. நாம வேகமாப் போறதால ஒரு புள்ளியிலேருந்து வர்ற மாதிரி தெரியுது. எரிகல்லும் அப்படித்தான். ராத்திரி எல்லாம் மிதுன ராசிப் பக்கத்துலேருந்து வர்ற மாதிரி தெரியும். அதனாலதான் ஜெமினிட்ஸ்னு பேரு."

பின் கண்ணாடியில் ஏன் துளி குறைவு என்று மகன் கேட்டான். நடுராத்திரிக்கு மேல் எரிகற்கள் ஏன் பொதுவாக அதிகம் என்பதற்கும் அதுதான் விடை. பூமி ஓடுகிற திசைக்கு நாம் முகம் காட்டுவது பின்னிரவில்தான். முன்னிரவில் நாம் பின் சீட்டு.

வேலூர் தாண்டி, ஆம்பூரில் முதல் வாக்குறுதியை நிறைவேற்றி, வாணியம்பாடியில் திரும்பி, ஆலங்காயம் வழியாக மலை ஏறினோம். காவலூர் சுமார் 700 மீட்டர் உயரம்தான். ஆனாலும் டிசம்பர்க் குளிர், குரங்குக் குல்லாவை நியாயப்படுத்தியது. நாங்கள் வானாய்வகத்துக்குள் போகவில்லை. "பெரிய தொலைநோக்கியை விட்டுட்டா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. தொலைநோக்கி வானத்தில் ஒரு பொட்டு அளவு இடத்தைத்தான் பார்க்கும். எரிகல் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முழு வானமும் வேண்டும்; ஆகவே இரண்டு கண்களும் ஒரு கோரைப் பாயும் போதும். விஞ்ஞானத்தில் இவ்வளவு மலிவான காட்சி வேறு கிடையாது.

டிரைவருக்குத் தெரிந்தவர் ஒருவருடைய களம், காவலூருக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன மலைக் கிராமத்தில். சாமை அடித்து முடித்த களத்தில் பாயை விரித்தோம். தம்பி சட்டதிட்டங்களை அறிவித்தான். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அதுவரை யாரும் செல்போனைத் திறக்கக் கூடாது. திறந்தால் மீண்டும் அரை மணி. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்ட வேண்டும். நான்கு பேரும் நான்கு திசை பார்க்க வேண்டும். மனைவிக்கு பால் கணக்கு நோட்டு. ஒரு கல்லுக்கு ஒரு கோடு.

மணி ஒன்பது. மேகம். பத்து. மேகம். பதினொன்று. மேகத்துக்கு மேலே இன்னொரு மேகம். மகன் தூங்கிவிட்டான். தூங்குவதற்கு முன், "அப்பா, இங்க புயல் அடிக்கலை இல்ல? அதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத் தூங்கினான்.

அந்த நேரத்தில்தான் களத்து வீட்டுப் பாட்டி வந்தார். இருட்டில் நாலு பேர் குல்லா போட்டு மல்லாந்து கிடப்பதைப் பார்த்து, "என்ன சாமி தொலைச்சீங்க?" என்றார்.

"வானத்தைப் பார்க்க வந்தோம் பாட்டி. மெட்ராஸ்லேருந்து."

"ஏன், அங்க இல்லியா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பேச்சை மாற்ற, தெருக்கோடியில் எரிந்த சோலார் விளக்கைக் காட்டினேன். களத்துக்கு நேராக, வெள்ளை வெளேரென்று அடித்துக்கொண்டிருந்தது. "அந்த லைட் இல்லேன்னா இன்னும் நல்லாத் தெரியும் பாட்டி. இங்கேயும் வந்துடுச்சே!" என்று பெரிய இயற்கை ஆர்வலர் மாதிரி அலுத்துக்கொண்டேன்.

பாட்டி சிரிக்கவில்லை. "அது வந்து ரெண்டு வருஷந்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி ராத்திரி எம் பேத்தி வெளிய போகணும்னா நானும் கூடவே தடியை எடுத்துக்கிட்டுப் போவேன். கரடி இருக்கு, பாம்பு இருக்கு. இப்ப அவ தனியாப் போறா. நீங்க ஒரு ராத்திரி பார்த்துட்டுப் போயிடுவீங்க, சாமி."

குளிருக்கு நடுவிலும் எனக்குக் காது சுட்டது. ஏனென்றால், எங்கள் மொட்டை மாடி ஹாலோஜன் யார் கேட்டு வந்தது தெரியுமா? நான்தான். என் பைக்கில் எவனோ பெட்ரோல் திருடினான் என்று சங்கத்தில் நான் எழுதிக்கொடுத்த மனுவின் பேரில் போட்டது. பைக் நிற்பது கீழே. விளக்கு இருப்பது மேலே. அது திருடனைக் காட்டியதைவிட மேகத்துக்கு வெளிச்சம் காட்டியதுதான் அதிகம்.

பாட்டியின் விளக்கில் தப்பு இல்லை. தப்பு, அதற்குக் குல்லா இல்லாதது. எனக்குப் போட்ட குல்லாவை அதற்கும் போட்டால் வெளிச்சம் கீழே, வேண்டிய இடத்தில் விழும், வானத்துக்குப் போகாது. டிரைவர் பிரியாணி வந்த அட்டைப்பெட்டியை விளக்கின் களத்துப் பக்கம் மட்டும் தடுப்பாகக் கட்டினார். தெருவில் வெளிச்சம் அப்படியே இருந்தது. களம் இருண்டது. பாட்டி இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, "இது சரி" என்றார்.

ஒரு மணி இருபது நிமிஷத்துக்குக் காற்று மாறியது. மேற்கிலிருந்து போர்வையை உருவுகிற மாதிரி மேகம் விலகியது. உச்சியில் பார்த்தால், இரண்டு நட்சத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

"அண்ணி, உங்க நட்சத்திரம் என்ன?" என்றான் தம்பி.

"புனர்பூசம்."

"அந்த ரெண்டும்தான் புனர்பூசம்."

மனைவி நிஜமாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஜாதகத்தில் எழுதி, ஐயர் அர்ச்சனையில் சொல்லி, கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்து, முப்பது வருஷத்துக்கு மேலாக அவளோடு இருக்கிற நட்சத்திரத்தை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள். நம் எல்லோர் நிலைமையும் இதுதானே? திருவாதிரை, ரோகிணி, மகம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறோம். ஒருவரையாவது நேரில் சந்தித்திருக்கிறோமா?

அந்தப் புனர்பூசத்துப் பக்கத்திலிருந்து முதல் கல் கிளம்பியது. அவசரமே இல்லாமல், மஞ்சளும் வெள்ளையுமாக, தெற்கு நோக்கி ஒரு நீளக்கோடு. சத்தம் கிடையாது. எதிர்பார்த்த காது ஏமாந்துபோகும். அப்புறம் ஒன்று. உடனே இன்னும் இரண்டு. மகனை உலுக்கி எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வீடு வந்துடுச்சா?" என்றான். "மேல பாரு."

பார்த்தான். பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் என் கையை ஒரு முறை அழுத்தினான். அவ்வளவுதான்.

என் பாட்டி சொல்வாள்: நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும். சினிமாவில் என்னவோ மனசுக்குள் வேண்டிக்கொள்கிறார்கள். நான் வேண்டிக்கொள்வதா, அந்த இருட்டில் பச்சை மரத்தைத் தேடுவதா என்று குழம்புவதற்குள் நாலு விழுந்துவிட்டன.

பத்திரிகைகளில் 'மணிக்கு 120', '150' என்று போடுவார்கள். அதை நம்பித் தீபாவளி மாதிரி எதிர்பார்க்காதீர்கள். அது, துளி மேகமில்லாத, துளி வெளிச்சமில்லாத வானத்தில், எரிகற்கள் கிளம்பும் இடம் நேர் உச்சியில் இருக்கும்போது, ஒருவர் முழு வானத்தையும் பார்த்தால் வரக்கூடிய கணக்கு. நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் லாபம். மேகம் வந்து வந்து போக, மூணே முக்கால் மணி வரை பால் நோட்டில் விழுந்த கோடுகள் 57. நடுவில் ஐந்து நிமிஷம் ஒன்றுமே இருக்காது. பிறகு பஸ் மாதிரி மூன்று சேர்ந்து வரும்.

டிரைபாட் தம்பியின் கேமராவில் 400 படம். அதில் விமானம் 6, செயற்கைக்கோள் 9, விட்டில் பூச்சி 1, பனி படிந்து மங்கியது மீதி. அன்றைய மகா பெரிய கல் விழுந்தபோது அவன் குனிந்து பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெரிய கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கே, தொடுவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், களத்தில் நிழல் விழுகிற அளவுக்கு எரிந்து அணைந்தது. தம்பி நிமிர்ந்து, நாங்கள் காட்டிய திசையையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டான். இங்கிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 150 கிலோமீட்டர். கல் எரிவது 100 கிலோமீட்டர் உயரத்தில். "அண்ணே, அது கிட்டத்தட்ட நம்ம ஓ.எம்.ஆருக்கு மேலதான் எரிஞ்சிருக்கணும்."

மகன் திரும்பினான். "நம்ம வீட்டுக்கு மேலயா?"

"ஆமா."

"அப்ப அங்கேயும் இருக்கா? எப்பவும் இருக்கா?"

"எப்பவும் இருக்கு. நமக்குத்தான் தெரியலை."

கொஞ்ச நேரம் யோசித்தான். "நீ சொன்னது பொய் இல்லப்பா" என்றான். அலுவலகத்தில் இருபது வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு அப்ரைசல் கிடைத்ததில்லை.

நிற்க. கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா. நான் ஊருக்குத் திரும்பியதும் குடியிருப்போர் சங்கத்துக்கு இன்னொரு மனு எழுதினேன். முந்தைய மனுவை ரத்து செய்யச் சொல்லி. மாடி ஹாலோஜனை எடுத்துவிட்டு, கீழே பைக் நிற்கிற இடத்தில் மூடி போட்ட விளக்கு வைக்க வேண்டும் என்று. செயலாளர், "சார், நீங்கதானே கேட்டீங்க?" என்று பழைய மனுவை எடுத்துக் காட்டினார். அசடு வழிந்தேன். எட்டு மாதம், நாலு கூட்டம். கடைசியில் ஒரு சமரசம்: கீழே மூடி போட்ட விளக்கு உண்டு, மாடி ஹாலோஜனை டிசம்பர் 14 ராத்திரி மட்டும், ஒரு மணி நேரம் அணைக்கலாம்.

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை. முதல் நாள்தான் திருக்கார்த்திகை. மழை ஓய்ந்து மேகம் கலைந்திருந்தது. முப்பது பேர் பாயோடு மாடிக்கு வந்துவிட்டார்கள். செயலாளரே நாடகத்தனமாகச் சுவிட்சை அணைத்தார். எல்லோரும் நிமிர்ந்தோம்.

உச்சியில் ஜொலித்தது நிலா. பௌர்ணமிக்கு முதல் நாள்! வருஷம் முழுக்கச் சங்கத்தோடு சண்டை போட்டவன், பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. "இந்த லைட்டுக்கு எந்த சங்கத்துல மனு கொடுக்கப் போறீங்க?" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால், யாரும் கீழே போகவில்லை. சுண்டல் வந்தது. பேச்சு வந்தது. ஒரு மணி நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில், கடல் பக்கமாக, நிலா வெளிச்சத்தையும் மீறி ஒன்று விழுந்தது. ஒன்றே ஒன்று.

மாடியே "ஹே!" என்று கத்தியது. போன வருஷம் கரன்ட் வந்தபோது கத்தினார்களே, அதே மாதிரி.

என் மகன் என் சட்டையை இழுத்தான்.

"அப்பா... புயல் இல்லாமலே வந்துடுச்சு."